தெரிந்தவருக்கே தண்டனையா? வாடகை வீட்டு நாய்க்கடியும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பும்

1. கேள்வி

வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர் வளர்க்கும் நாய் ஒருவரைக் கடித்துக் குதறிவிடுகிறது. நாய் வீட்டு உரிமையாளருடையது அல்ல. அதற்கு அவர் ஒருநாளும் சோறு வைத்ததில்லை, கடித்த நேரத்தில் அந்த ஊரிலேயே இல்லாமலும் இருந்திருக்கலாம். கடிபட்டவரின் மருத்துவச் செலவுக்கும் வேதனைக்கும் அவர் பணம் கட்ட வேண்டுமா?

பொதுப்புத்தி சட்டென்று தரும் பதில்கள் இரண்டு. நாய் வளர்த்தவன்தான் பொறுப்பு, வீடு கொடுத்தவர் என்ன செய்வார் என்பது ஒன்று. வாடகை வாங்கத் தெரிந்தவருக்கு வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதா என்பது இன்னொன்று. அமெரிக்க நீதிமன்றங்கள் இந்த இரண்டுக்கும் இடையே ஐம்பது ஆண்டுகளாக வழி தேடிவருகின்றன. இழப்பீட்டுச் சட்டம் அங்கே மாநிலங்களின் கையில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறுகிறது. விரிவான தீர்ப்பு வரிசை உள்ள கலிஃபோர்னியாவை மையமாக வைத்து, மேரிலாந்து, அலாஸ்கா, நியூயார்க், வாஷிங்டன் மாநிலங்களைத் தேவையான இடத்தில் ஒப்பிட்டு, ஒரே ஒரு கேள்வியை இங்கே ஆராய்கிறேன். நாயின் மூர்க்கத்தை வீட்டு உரிமையாளர் உண்மையிலேயே அறிந்திருந்தால் மட்டுமே அவர் பொறுப்பாளி என்று சொல்லும் விதி, கடிகளைக் குறைக்க உதவுகிறதா? அல்லது அறியாமல் இருப்பதற்குப் பரிசு கொடுக்கிறதா?

இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமானது என்பது என் முடிவு. ஆனால் அந்த விதியைத் தூக்கியெறிந்த ஒரு மாநிலத்தில் நடந்ததையும் பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

2. நாய் வளர்ப்பவரும் இடம் கொடுத்தவரும்

ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தின் பழைய ஏற்பாட்டில் வீட்டு விலங்கின் சொந்தக்காரர்கூட எளிதில் மாட்டிக்கொள்ள மாட்டார். தன் விலங்கின் ஆபத்தான சுபாவம் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். நாய்க்கு ஒரு கடி இலவசம் என்று அமெரிக்க வழக்கறிஞர்கள் கேலியாகச் சொல்வது இந்த விதியைத்தான். இருபதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் சட்டம் இயற்றி இதை மாற்றின. கலிஃபோர்னியா 1931-இல் மாற்றியது. இன்று உரிமையியல் சட்டத்தொகுப்பின் 3342-ஆம் பிரிவாக இருக்கும் அந்தச் சட்டத்தின்படி, பொது இடத்திலோ சட்டப்படி வந்த தனியார் இடத்திலோ ஒருவரை நாய் கடித்தால் சொந்தக்காரர் இழப்பீடு தர வேண்டும். நாய் இதுவரை பரம சாதுவாக இருந்தது என்பது எதிர்வாதம் ஆகாது.

அந்தப் பிரிவு சுட்டுவது நாயின் சொந்தக்காரரை மட்டும்தான். வீட்டு உரிமையாளரை அதன்கீழ் கொண்டுவர முடியாது. அவரைப் பிடிக்க வேண்டுமானால் கவனக்குறைவு என்ற பொதுவான வழியில்தான் போக வேண்டும். அங்கே ஒரு பழைய தடை இருந்தது. குத்தகை என்பது அந்தக் காலத்துக்கு நிலத்தைக் கைமாற்றுவதே என்று பொதுச்சட்டம் கருதியது. சாவியைக் கொடுத்த பிறகு உள்ளே நடப்பதற்கு இடம் கொடுத்தவர் பொறுப்பில்லை. மறைந்திருக்கும் ஆபத்தைச் சொல்லாமல் விட்டது, பலரும் புழங்கும் மாடிப்படி, நடைவழி போன்ற பொதுப் பகுதிகள், பொதுமக்கள் வந்துபோவதற்கென்றே வாடகைக்கு விட்ட இடம், பழுது பார்ப்பதாக ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டது என்று சில விதிவிலக்குகள் இருந்தன. அவை படிக்கட்டு, கூரை, மின்கம்பி போன்றவற்றை மனத்தில் வைத்து எழுந்தவை. குடியிருப்பவர் கொண்டுவரும் உயிருள்ள ஆபத்து அந்தப் பட்டியலில் இல்லை.

3. 1975 தீர்ப்பும் அதன் இரண்டு நிபந்தனைகளும்

‘உச்செல்லோ எதிர் லாடன்ஸ்லேயர்’ என்ற வழக்கு 1975-இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பானது. மாத வாடகைக்குக் குடியிருந்தவர்களின் ஜெர்மன் ஷெப்பர்டு, வீட்டுக்கு வந்த ஒரு சிறுமியைத் தாக்கியது. அந்த நாயின் மூர்க்கம் வீட்டு உரிமையாளருக்குத் தெரியும் என்பது சிறுமி தரப்பின் வாதம். விசாரணை நீதிமன்றம் வீட்டு உரிமையாளருக்கு எதிராக முகாந்திரமே இல்லையென்று அவரை விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது.

அதற்கான அடித்தளம் ஏழு ஆண்டுகளுக்கு முன்பே போடப்பட்டிருந்தது. 1968-இல் ‘ரோலண்ட் எதிர் கிறிஸ்டியன்’ வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், வந்தவர் விருந்தாளியா, வேலையாளா, அத்துமீறி நுழைந்தவரா என்று பிரித்துப் பிரித்துக் கடமையை அளக்கும் பழைய முறையைக் கைவிட்டது. தீங்கை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியுமா, செய்கைக்கும் தீங்குக்கும் எவ்வளவு நெருங்கிய தொடர்பு, கடமையைச் சுமத்தினால் பாரம் எவ்வளவு, காப்பீடு கிடைக்குமா என்பன போன்ற அளவுகோல்களை அது முன்வைத்தது. அவற்றை நாய்க்கடிக்குப் பொருத்திப் பார்த்த 1975 தீர்ப்பு, இரண்டு நிபந்தனைகள் சேர்ந்திருந்தால் வீட்டு உரிமையாளருக்குக் கவனக் கடமை உண்டு என்றது. முதலாவது, ஆபத்தான விலங்கு அங்கே இருப்பதை அவர் உண்மையிலேயே அறிந்திருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த விலங்கை அப்புறப்படுத்தும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். மாத வாடகை என்பதால் இரண்டாவதில் சிக்கல் எழவில்லை. நோட்டீஸ் கொடுத்துக் காலிசெய்யச் சொல்லியிருக்கலாம்.

‘அறிந்திருக்க வேண்டியவர்’ என்பதோடு நிறுத்தாமல் ‘அறிந்தவர்’ என்று ஏன் கெடுபிடி? நீதிமன்றம் சொன்ன காரணம் நியாயமானதே. வீட்டில் நாய் வளர்ப்பது குடியிருப்பவரின் அந்தரங்க வாழ்க்கையைச் சேர்ந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் கடமையை வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்தால், அவர் மாதாமாதம் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். இன்று கலிஃபோர்னியாவில் அவசரம் ஏதும் இல்லாதபோது, பழுதுபார்ப்பு போன்ற சட்டம் ஒப்பும் காரணத்துக்காக, பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவித்துவிட்டுத்தான் வீட்டு உரிமையாளர் உள்ளே போக முடியும். வாடகைக்கு இருந்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பாதுகாப்பின் அருமை தெரியும்.

எல்லா மாநிலங்களும் இவ்வளவு தூரம் வரவில்லை. நியூயார்க்கில் 1984-இன் ‘ஸ்ட்ரங்க் எதிர் சோல்டான்ஸ்கி’ தீர்ப்பு, குடித்தனம் தொடங்கும்போதே மூர்க்கமான நாய் வரப்போவது தெரிந்தும் இடம் கொடுத்தவரைப் பொறுப்பாக்கியது. வாஷிங்டன் மாநிலம் நேர் எதிர். அங்கே சொந்தக்காரர், வைத்திருப்பவர், அடைக்கலம் கொடுத்துப் பராமரிப்பவர் ஆகியோர்தான் பொறுப்பு. தெரிந்தே இடம் கொடுத்த வீட்டு உரிமையாளர் இந்த மூவரில் சேரமாட்டார். 1994-இல் ‘ஃப்ரோபிக் எதிர் கார்டன்’ வழக்கில் இந்த விதி சோதிக்கப்பட்டபோது தாக்கிய விலங்கு நாய்கூட இல்லை, புலி. புலிக்கு இடம் கொடுத்தவரையும் அம்மாநில உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கவில்லை.

4. ‘தெரியும்’ என்பதை எப்படி நிறுவுவது?

கலிஃபோர்னியாவில் 1975-க்குப் பிந்தைய வழக்குகள் பெரும்பாலும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே சுழல்கின்றன. நாய் இருப்பது தெரிந்தால் போதாது, அதன் மூர்க்கம் தெரிந்திருக்க வேண்டும். 1985-இன் ‘லண்டி எதிர் கலிஃபோர்னியா ரியால்டி’ வழக்கில், குடியிருப்பவரிடம் ஜெர்மன் ஷெப்பர்டு இருப்பதை அறிந்திருந்தது மட்டுமே அதன் மூர்க்கத்தை அறிந்ததற்குச் சான்றாகாது என்று சொல்லப்பட்டது. இனத்தின் பெயரிலிருந்து குணத்தை ஊகிக்கக் கூடாது. 2004-இன் ‘யூசான் எதிர் காலின்ஸ்’ அதே பாதையில் போனது. 2006-இன் ‘சீ எதிர் அமாண்டா கோல்ட்’ வழக்கில் தாக்கியது சின்னஞ்சிறு ஜாக் ரசல் டெரியர். அந்த வீட்டின் உரிமையாளர், சொத்து மேலாளர், குடியிருப்போர் சங்கம் என்று எல்லோர் மீதும் வழக்குப் போட்டும், நாயின் ஆபத்தான சுபாவம் அவர்களுக்கு முன்பே தெரியும் என்று காட்ட முடியவில்லை. தள்ளுபடி ஆனது.

மறுபக்கத்தில் 1995-இன் ‘டான்சின் எதிர் குரேரோ’ நிற்கிறது. இந்த வரிசையில் கூர்ந்து படிக்க வேண்டிய தீர்ப்பு இதுவே என்று கருதுகிறேன். வாடகை வீட்டிலிருந்து தப்பி வெளியேறிய இரண்டு ராட்வைலர் நாய்கள், சில தெருக்கள் தள்ளித் தன் சின்ன நாயோடு நடந்துபோன பெண்மணியைத் தாக்கின. குடியிருப்பவரிடம் நாய் இருப்பதே தனக்குத் தெரியாது என்று வீட்டு உரிமையாளர் முதலில் சொன்னார். பிறகு நாய்கள் இருப்பது தெரியும், ஆனால் அவை மூர்க்கமானவை என்று தெரியாது என்று மாற்றிச் சொன்னார். முதல் பேச்சு பொய்யென்றால், எதையோ மறைக்க வேண்டியிருந்ததால்தானே பொய் சொன்னார் என்று நடுவர்கள் ஊகிக்கலாம் என்றது நீதிமன்றம். அவர் அடிக்கடி அந்த வீட்டுக்குப் போய்வந்தவர். வந்துபோகும் மற்றவர்களிடமெல்லாம் நாய்கள் சீறியிருக்கும்போது அவரிடம் மட்டும் வாலாட்டியிருக்குமா என்ற கேள்வியும் எழுந்தது.

அதே தீர்ப்பு இன்னொரு வழியையும் திறந்தது. நாய்கள் தப்பியதற்கு வேலியின் பழுது காரணமாக இருந்தால், கடி வீட்டு வளாகத்துக்கு வெளியே நடந்தது என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இங்கே கவனிக்க வேண்டியது, வேலி உயிரற்றது என்பது. பழைய விதிவிலக்குகளின் படிக்கட்டையும் கூரையையும் போல அது கண்ணால் பார்க்கக்கூடியது, செலவு செய்தால் சரிசெய்யக்கூடியது. நாயின் மனத்தை அறிவதைவிட வேலியின் ஓட்டையை அறிவது எளிது. கடிபட்டவர்களின் வழக்கறிஞர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பது வேலியின் படத்தைத்தான் என்றால் நான் வியப்படைய மாட்டேன்.

கடைகளின் நிலை வேறு. 1994-இன் ‘போர்ட்டிலோ எதிர் அயாசா’ வழக்கில், மதுக்கடைக்குச் சரக்கு இறக்க வந்த தொழிலாளியைக் கடைக்காரரின் ஜெர்மன் ஷெப்பர்டு கடித்தது. பொதுமக்கள் வந்துபோகும் இடத்தின் குத்தகையைப் புதுப்பிக்கும்போது இடத்தைப் பார்வையிட வேண்டிய கடமை கட்டட உரிமையாளருக்கு உண்டு என்றும், பார்த்திருந்தால் நாயின் ஆபத்து அவர் கண்ணில் பட்டிருக்கும் என்றும் நீதிமன்றம் சொன்னது. ஆக ‘உண்மையில் தெரியும்’ என்ற நிபந்தனை கடைக்குத் தளர்ந்தது, குடியிருப்புக்குத் தளரவில்லை. சரக்கு வண்டிக்காரருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அடுக்குமாடியில் கடிதம் கொடுக்க வரும் தபால்காரருக்குக் கிடைப்பதில்லை. பாதுகாப்பு தேவைப்படுவதில் இருவருக்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை.

5. அறியாமையின் லாபம்

விதியை வீட்டு உரிமையாளர் இடத்திலிருந்து பார்ப்போம். மூன்றாம் வீட்டுக்காரரின் நாய் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விரட்டியதாக யாரோ வந்து சொல்கிறார். வீட்டு உரிமையாளர் அதைக் குறித்துவைத்தால், விசாரித்தால், குடியிருப்பவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினால், தனக்குத் தெரியும் என்பதற்கான ஆவணத்தைத் தானே உருவாக்குகிறார். காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டால், பிற்பாடு கடி நடந்தாலும் பிடிகொடுக்காமல் தப்பலாம். பொறுப்போடு நடப்பவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

ஒப்பந்த விதிகளிலும் இதே முரண்தான். அலாஸ்காவில் 1986-இன் ‘அலாஸ்கன் வில்லேஜ் எதிர் ஸ்மாலி’ வழக்கு ஒரு நடமாடும் வீடுகளின் குடியிருப்பைப் பற்றியது. மூர்க்கமான நாய்கள் கூடாது என்ற விதியை நிர்வாகமே வைத்திருந்தது, நடைமுறைப்படுத்தவில்லை. பிட் புல் நாய்கள் ஒரு குழந்தையைக் குதறின. மாநில உச்ச நீதிமன்றம் நிர்வாகத்தின் பொறுப்பை உறுதிசெய்தது. மேரிலாந்தில் 1998-இன் ‘மேத்யூஸ் எதிர் ஆம்பர்வுட்’ வழக்கில் ‘ராம்பேஜ்’ என்று பெயரிடப்பட்ட பிட் புல், விருந்தாளியாக வந்திருந்த 16 மாதக் குழந்தையைக் கொன்றது. ஒப்பந்தத்தில் செல்லப்பிராணிகள் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. நாய் ஆட்கள் மேல் பாய்வது குடியிருப்பின் ஊழியர்களுக்குத் தெரியும். அந்த நிபந்தனை நாயின் மேல் வீட்டு உரிமையாளருக்கு அதிகாரம் கொடுத்தது, அதிகாரம் பொறுப்பைக் கொண்டுவந்தது என்பது தீர்ப்பின் தர்க்கம். முடிவு நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் மறைமுகச் செய்தி, நிபந்தனை எழுதாதவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்பது.

அறிவு எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்பதை 2001 ஜனவரி 26 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவில் நடந்த மரணம் காட்டுகிறது. பசிபிக் ஹைட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் நடைவழியில், தன் வீட்டு வாசலிலேயே, 33 வயதான லக்ரோஸ் விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவரை இரண்டு பிரெசா கனாரியோ நாய்கள் தாக்கிக் கொன்றன. நாய்களை வைத்திருந்தவர்கள் அதே மாடியில் குடியிருந்த வழக்கறிஞர் தம்பதி. நாய்களின் பின்னணியில் இருந்தவரோ பெலிகன் பே சிறையிலிருந்த ஒரு கைதி. சொந்தக்காரர் யார் என்ற கேள்வியே இப்படிச் சிக்கலாகக்கூடும். ‘மக்கள் எதிர் நோலர்’ என்ற குற்ற வழக்கின் தீர்ப்பு, அந்த நாய்கள் மனிதர்களையும் பிற நாய்களையும் அச்சுறுத்திய ஏறக்குறைய 30 சம்பவங்களைப் பேசுகிறது. பலருக்குத் தெரிந்திருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டு. அதைத் திரட்டும் கடமை யாருக்கும் இருக்கவில்லை. இறந்தவரின் வாழ்க்கைத் துணைவி தொடுத்த உரிமையியல் வழக்கில் கட்டடத்தின் உரிமையாளர்களும் பிரதிவாதிகள். அது சமரசத்தில் முடிந்ததால், பொதுநடைவழியில் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தீர்ப்பு கிடைக்காமல் போனது.

நடைவழி பொதுப் பகுதி. பழைய பொதுச்சட்டமே அதை இடம் கொடுத்தவரின் கட்டுப்பாட்டில் வைத்தது. அங்கே விளக்கு எரியாவிட்டால் ‘தெரியாது’ என்பது எடுபடாது, பார்த்திருக்க வேண்டும் என்பார்கள். நாய் விஷயத்தில் மட்டும் அளவுகோல் தளர்வதற்கு அந்தரங்கம் என்ற காரணம் பொருந்தவே பொருந்தாது. இடத்தைத் தன் பிடியில் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை என்பதை 2008-இன் ‘சலினாஸ் எதிர் மார்ட்டின்’ தீர்ப்பு ஓரளவு ஒப்புக்கொள்கிறது. அங்கே வீட்டைச் சீர்செய்துகொண்டிருந்த உரிமையாளர், வேலையாட்கள் சிலரைத் தம் பிட் புல் நாயோடு அங்கே தங்கவிட்டார். அது வேறொரு ஒப்பந்தக்காரரைக் கடித்தது. இடம் தன் கையில் இருக்கும்போது வீட்டு உரிமையாளர்களுக்கான ‘உண்மையில் தெரியும்’ விதியின் நிழலில் ஒதுங்க முடியாது என்றது நீதிமன்றம். கட்டுப்பாடு யாரிடம் என்பதே சரியான கேள்வி என்றால், அடுக்குமாடி நடைவழிக்கும் அதையே கேட்க வேண்டும்.

6. மேரிலாந்தின் குறுக்குவழி

தெரியுமா தெரியாதா என்ற இந்தச் சச்சரவையே வேண்டாமென்று ஒதுக்கிய நீதிமன்றமும் உண்டு. 2012 ஏப்ரல் 26 அன்று மேரிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ‘டிரேசி எதிர் சோலெஸ்கி’ வழக்கில், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், பிட் புல் நாய்கள் இனத்தளவிலேயே ஆபத்தானவை என்றது. நாய் பிட் புல் என்று தெரிந்தால் போதும், அந்தத் தனி நாயின் பழைய நடத்தை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, அதைத் தம் இடத்தில் அனுமதித்த வீட்டு உரிமையாளருக்கும் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லாத முழுப்பொறுப்பு வந்தது. கலப்பினங்களுக்கும் இது பொருந்தும் என்று முதலில் சொன்ன நீதிமன்றம், அதே ஆண்டு ஆகஸ்டில் கலப்பினத்தை விலக்கித் திருத்தியது. எது கலப்பு, எது தூய இனம் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது வல்லுநர்களுக்கே தடுமாற்றமான வேலை என்பதால், திருத்தம் குழப்பத்தைக் குறைத்ததாகச் சொல்ல முடியாது.

விளைவு உடனே தெரிந்தது. பால்டிமோரில் 1,500-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஆர்மிஸ்டெட் கார்டன்ஸ் என்ற கூட்டுறவுக் குடியிருப்பு, பிட் புல் வைத்திருப்பவர்கள் நாயை விட வேண்டும், இல்லையேல் வீட்டை விட வேண்டும் என்று அறிவித்தது. யாரையும் கடிக்காத நாய்களும் இதில் அடக்கம். விவகாரம் கூட்டாட்சி நீதிமன்றம்வரை போனது. அந்த நிர்வாகத்தைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் செய்தது தீர்ப்பு அவர்களுக்குச் சொன்ன கணக்கை அப்படியே போட்டதுதான். பொறுப்பு வரப்போகிறது, அதன் அளவு தெரியாது, விடுபட ஒரே வழி நாயை அப்புறப்படுத்துவது.

மேரிலாந்து சட்டமன்றம் இரண்டு ஆண்டுகள் இழுபறிக்குப் பிறகு 2014 ஏப்ரலில் சட்டம் இயற்றித் தீர்ப்பை மாற்றியது. அந்தச் சட்டம் நாய்ச் சொந்தக்காரருக்கு எதிராக ஓர் அனுமானத்தை வைத்தது. எந்த இனமாயினும், நாயின் மூர்க்கம் அவருக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லையென்று அவர்தான் காட்ட வேண்டும். சொந்தக்காரர் அல்லாத வீட்டு உரிமையாளர் போன்றோருக்கோ, 2012 ஏப்ரல் 1 அன்று இருந்த பழைய பொதுச்சட்டமே, இனம் பார்க்காமல், திரும்ப வந்தது. அதாவது மீண்டும் ‘தெரியுமா?’

இந்த அனுபவத்திலிருந்து கலிஃபோர்னியாவின் விதியே சரியென்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேரிலாந்தில் தோற்றது இனத்தை அறிவுக்குப் பதிலியாக வைத்த குறுக்குவழி. நாயைப் பற்றி விசாரிக்க ஒரு தூண்டுதலையும் அது கொடுக்கவில்லை. இனத்தின் பெயர் தெரிந்ததும் விசாரணை முடிந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் கண்ணை மூடிக்கொள்வது லாபம், மேரிலாந்தில் கண்ணை மூடிக்கொண்டு வெளியேற்றுவது லாபம்.

7. இரண்டாம் நிபந்தனை நகர்ந்துவிட்டது

நாய்க்கடி வழக்குகளைப் பற்றிய விவாதங்கள் முதல் நிபந்தனையான அறிவில் தேங்கிவிடுவதால், இரண்டாவதான அப்புறப்படுத்தும் உரிமை அடியோடு மாறிப்போனது போதிய கவனம் பெறவில்லை. 1975-இல் மாத வாடகைக்காரரைக் காரணம் சொல்லாமலே முப்பது நாள் நோட்டீஸில் எழுப்பிவிட முடியும். சான்ஃபிரான்சிஸ்கோவும் லாஸ் ஏஞ்சலஸும் 1979-இல் வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து இதைக் குறுக்கின. 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் மாநிலம் முழுக்க அதை விரித்தது. ஓராண்டு குடியிருந்தவரை, சட்டம் பட்டியலிட்ட நியாயமான காரணம் இன்றி எழுப்ப முடியாது. தனிநபர்களுக்குச் சொந்தமான தனிவீடுகள் பலவும், கட்டிப் பதினைந்து ஆண்டு ஆகாத கட்டடங்களும் இதில் விலக்கு. அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை உள்ளே வந்துவிடும்.

மூர்க்கமான நாய் தொல்லை என்ற காரணத்தில் அடங்கும், ஒப்பந்த மீறல் என்ற காரணத்திலும் அடங்கலாம். எனவே உரிமை அழிந்துவிடவில்லை. ஆனால் அதைப் பயன்படுத்தச் சான்று வேண்டும். புகார்கள், தேதிகள், படங்கள், அண்டை வீட்டார் வாக்குமூலம் எல்லாம் திரட்ட வேண்டும். திரட்டியவர் வெளியேற்ற வழக்கில் தோற்றுவிட்டார், நாய் அங்கேயே இருக்கிறது, மறுமாதம் கடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் திரட்டிய கோப்பே அவருடைய ‘அறிவுக்கு’ முதல் சாட்சி. முயன்றும் முடியவில்லை என்ற வாதம் அவருக்கு உண்டு, அது நியாயமாக எடுபடவும் வேண்டும். ஆனால் எந்தச் சொத்து மேலாளரும் இதைக் கேட்டுவிட்டுக் கோப்பைத் திறக்கத் தயங்குவார். குடியிருப்பவரைப் பாதுகாக்க வந்த நல்ல சட்டமும், கடிபட்டவரைப் பாதுகாக்க வந்த நல்ல தீர்ப்பும் சேர்ந்து, தெரிந்துகொள்ளாமல் இருப்பதன் லாபத்தை இரட்டிப்பாக்கியிருக்கின்றன.

8. பணம் எங்கிருந்து வருகிறது

வீட்டு உரிமையாளர் ஏன் பிரதிவாதியாக்கப்படுகிறார்? குடியிருப்பவரிடம் பலசமயம் காப்பீடும் இல்லை, சொத்தும் இல்லை. கட்டடத்துக்குக் காப்பீடு இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டுத் தகவல் நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் நாய்களால் நேர்ந்த காயங்களுக்காக வீட்டுக் காப்பீட்டின்கீழ் 19,062 கோரிக்கைகள் வந்தன. கொடுத்த தொகை ஏறக்குறைய 112 கோடி டாலர். சராசரி ஒரு கோரிக்கைக்கு 58,545 டாலர். கடி மட்டுமல்லாமல், நாய் முட்டித் தள்ளி விழுந்தவர்களும் இதில் சேர்த்தி.

இந்தச் செலவைக் குறைக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் இனப்பட்டியல் வைத்தன. அந்தப் பட்டியல் வீட்டு உரிமையாளரின் வாடகை ஒப்பந்தத்துக்குள் குடிபுகுந்தது. மேரிலாந்து சட்டமன்றம் நிராகரித்ததைக் காப்பீட்டு நிறுவனத்தின் படிவம் சத்தமில்லாமல் நிறைவேற்றிவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. நியூயார்க்கும் நெவாடாவும் 2021-இல் இயற்றிய சட்டங்கள் இனத்தை மட்டும் வைத்து வீட்டுக் காப்பீட்டை மறுப்பதைத் தடைசெய்தன. அந்த நாயே ஆபத்தானது என்ற பதிவு இருந்தால் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளிகளின் உதவி விலங்குகளைப் பொறுத்தவரை கூட்டாட்சியின் நியாய வீட்டுவசதிச் சட்டமும் இதே அடிப்படையில்தான் இயங்குகிறது. இனத்தைக் காட்டி மறுக்க முடியாது, அந்தத் தனி விலங்கு நேரடி அச்சுறுத்தல் என்று காட்டினால் மறுக்கலாம். ஆக எல்லாச் சட்டங்களும் இந்த நாய் என்ன செய்தது என்று கேட்கும் திசையிலேயே நகர்கின்றன. அதைத் தெரிந்துகொள்ளத் தூண்ட வேண்டிய இழப்பீட்டு விதி மட்டும் எதிர்த்திசையில் நிற்கிறது.

9. எதிர்வாதமும் முடிவும்

‘தெரிந்திருக்க வேண்டும்’ என்ற அளவுகோலைக் குடியிருப்புகளுக்கும் நீட்டினால், வீட்டு உரிமையாளர்கள் நாயே கூடாது என்று பலகை மாட்டிவிடுவார்கள் என்பது வலுவான எதிர்வாதம். அதன் சுமை ஏழை வாடகைதாரர்கள் மேல்தான் விழும். ஆர்மிஸ்டெட் கார்டன்ஸ் அதற்குச் சான்று. எனவே முழு மாற்றத்தை நான் ஆதரிக்கவில்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பதற்கு 1975-இன் விதியே இருக்கட்டும்.

மூன்று இடங்களில் மட்டும் அதைத் தளர்த்தலாம். நடைவழி, முற்றம், வாகன நிறுத்தம் போன்ற பொதுப் பகுதிகளில், விளக்குக்கும் படிக்கட்டுக்கும் உள்ள அளவுகோலே நாய்க்கும் பொருந்தட்டும். எழுத்தில் ஒரு புகார் வந்துவிட்டால், விசாரிப்பது கடமையாகட்டும். விசாரித்து, நியாயமான நடவடிக்கை எடுத்தவருக்கு, வெளியேற்றுவதில் தோற்றாலும், சட்டம் வெளிப்படையான பாதுகாப்புக் கொடுக்கட்டும். அப்போதுதான் கோப்பைத் திறப்பவர் கோப்பாலேயே அடிபடமாட்டார். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது நாய் உண்டா, யாரையாவது கடித்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குவது போர்ட்டிலோ தீர்ப்பின் பார்வையிடும் கடமையைவிட இலேசானது. அந்தரங்கத்துக்கும் பங்கமில்லை.

நீதிமன்றங்கள் இதைத் தாமாகச் செய்யும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. விசாரித்தவரைக் காக்கும் விலக்கைச் சட்டமன்றம்தான் எழுத வேண்டும். நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025-இல் ‘ஃப்ளாண்டர்ஸ் எதிர் குட்ஃபெலோ’ வழக்கில், தபால்காரர் ஒருவரின் முறையீட்டை ஏற்று, நாய்ச் சொந்தக்காரர்மீது கவனக்குறைவு வழக்கே கூடாது என்ற தன் 2006-ஆம் ஆண்டு விதியைக் கைவிட்டது. தன் தவறைத் திருத்த ஒரு நீதிமன்றத்துக்கு 19 ஆண்டுகள் பிடித்தன. கலிஃபோர்னியா சட்டமன்றம் 3342-ஆம் பிரிவுக்கு அடுத்தபடியாக வீட்டு உரிமையாளருக்கென்று ஒரு தனிப்பிரிவு எழுதினால், அதற்கு அவ்வளவு காலம் பிடிக்காது.